சனிக்கிழமை சாயங்கால ஐரோப்பா ஹிஸ்டரி கிளாஸ்: காசுக்குத் தகுந்ததா?

சிங்கப்பூர்ல பிராஸ் பாசா பக்கம் ஒரு கடைவீட்டு மாடில சனிக்கிழமை சாயங்காலம் நடக்கற ஹிஸ்டரி கிளாஸ் பத்தி நிறைய பேர் மெசேஜ் பண்ணி கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடறேன். அவசரமா முடிவு மட்டும் வேணும்னா: போங்க, குடுக்கற காசு வீண் போகாது. ஆனா எல்லாருக்கும் செட் ஆகற கிளாஸ்னு சொல்ல மாட்டேன்.

எட்டு கிளாஸ், ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம், மொத்தம் 280 வெள்ளி. அரசாங்கம் படிப்புக்குத் தர்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் இதுக்கு யூஸ் பண்ண முடியாது, பேநவ்ல முழுசா கட்டணும். பாடம் இங்கிலீஷ்லதான். மேற்கு ரோமோட கடைசி பேரரசரை இறக்கின 476ல ஆரம்பிச்சு 1000 வரைக்கும் ஐரோப்பால நடந்த போர், ராஜாக்கள், அவங்க கட்டி வச்ச கிறிஸ்தவ மடங்கள், இதுதான் சப்ஜெக்ட். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு ஐரோப்பா ஹிஸ்டரின்னா உலகப் போர்தான், கொஞ்சம் மேல போனா நெப்போலியன், அதுக்கு முன்னாடி நேரா ரோம் ஜூலியஸ் சீசர், நடுவுல ஆயிரத்து எண்ணூறு வருஷம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லித் தரல, அதனாலதான் நான் சேர்ந்தேன்.

இந்த கிளாஸோட பெரிய பலம் என்னன்னா, போர் ஒரு பாடம், மதம் ஒரு பாடம்னு பிரிச்சு நடத்தாம ரெண்டையும் ஒரே கணக்கா காட்டறாங்க. அந்தக் கணக்குக்குப் பேரு நிலம். ராஜாகிட்ட நிலம் இருந்தாத்தான் படைவீரனுக்குக் குடுக்க முடியும், படை இருந்தாத்தான் நிலம் பிடிக்க முடியும், பிடிச்ச நிலத்துல ஒரு பங்கை மடத்துக்கு எழுதி வச்சாத்தான் ராஜாவுக்காக ராத்திரி பகலா ஜெபம் பண்ண ஆள் இருக்கும், அவர் பேரை எழுதி வைக்கவும் ஆள் இருக்கும். இதை முதல் கிளாஸ்லயே போர்டுல எழுதிட்டு, அப்புறம் வந்த எல்லா ராஜாவையும் இதை வச்சே பார்த்தாங்க.

முதல் நாள் டீச்சர் எடுத்த கேஸ் 655ல நடந்த வின்வெட் போர். இப்ப வட இங்கிலாந்தா இருக்கற நார்தம்ப்ரியாவோட ராஜா ஆஸ்வியூ, நடு இங்கிலாந்துல இருந்த மெர்சியாவோட ராஜா பெண்டாவோட மோதறார். பெண்டா கிறிஸ்தவர் இல்ல, பழைய சாமிகளைக் கும்பிடறவர், படையும் அவருக்குத்தான் பெருசு. ஆஸ்வியூ முதல்ல பொன்னும் பொருளும் அள்ளித் தர்றேன் திரும்பிப் போயிடுன்னு கெஞ்சிப் பாக்கறார், பெண்டா மசியல. உடனே ஆஸ்வியூ கடவுள்கிட்ட நேர்ந்துக்கறார், நான் ஜெயிச்சா என் பொண்ணை மடத்துக்குக் குடுத்துடறேன், மடம் கட்ட 12 இடத்துல நிலமும் எழுதி வைக்கறேன்னு. ஜெயிச்சாச்சு, பெண்டா செத்தாச்சு, பொண்ணுக்கு அப்ப வயசு ஒண்ணுதான், சொன்ன மாதிரியே மடத்துல விட்டுட்டாரு. அந்தக் குழந்தை ஆல்ஃப்லெட்தான் பின்னாடி விட்பி மடத்துக்கே தலைவி ஆனாங்க. அந்த 12 நிலமும் ஒவ்வொண்ணும் பத்து குடும்பம் பொழைக்கற அளவு, அதுக்கு இனிமே படைக்கு ஆள் அனுப்பற கடமை கிடையாதுன்னும் பீட் எழுதி வச்சிருக்கார். பீட்ங்கறவர் ஜாரோ மடத்துல இருந்த துறவி, 731ல இங்கிலாந்து திருச்சபை வரலாறு எழுதி முடிச்சவர், இந்தக் காலத்துக்கு அவரை விட்டா வேற வழியே இல்ல.

சரி நேர்த்திக்கடன் கதைதானேன்னு நாங்க உக்காந்திருந்தப்பதான் டீச்சர் கேட்டாங்க, நூத்தி இருபது குடும்பம் படைக் கணக்குல இருந்து போயிடுச்சு, இதையே எல்லா ராஜாவும் எழுபது எண்பது வருஷம் பண்ணா நாட்டுக்கு என்ன ஆகும்னு. பதில் அவங்க சொல்லல, பீட்டையே சொல்ல வச்சாங்க. சாகறதுக்கு முந்தின வருஷம், 734ல, பீட் யார்க் பிஷப் எக்பர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதறார். பிரபுக்கள் மடம் கட்டறேன்னு ராஜாகிட்ட சாசனம் வாங்கிட்டு பொண்டாட்டி புள்ளையோட அங்கயே சுகமா இருக்காங்க, பேருதான் மடம், இதனால படைக்குப் போக வேண்டிய இளைஞனுக்குக் குடுக்க நிலம் இல்ல, அவன் நாட்டை விட்டே போயிடறான், நாளைக்கு யாராவது படையெடுத்து வந்தா காக்க ஆள் இருக்காதுன்னு கோவமா எழுதறார். ஏழு வயசுல இருந்து மடத்துலயே வளர்ந்த மனுஷன் மடங்களைப் பத்தி எழுதினது இது. அந்த லெட்டரை எங்க கைல குடுத்து படிக்கச் சொன்னாங்க, அன்னிக்கு கிளாஸ் முடிஞ்சு எம்ஆர்டில நின்னுக்கிட்டே மறுபடி படிச்சேன்.

அதே ஜாரோ சர்ச்சோட ஒரு கல்வெட்டு போட்டோவும் காட்டினாங்க. கல்லு இன்னும் அந்த சர்ச்லயே இருக்கு. எக்ஃப்ரித் ராஜாவோட 15வது ஆட்சி வருஷத்துல சர்ச்சை அர்ப்பணிச்சோம்னு லத்தீன்ல வெட்டியிருக்கு, தேதி 685 ஏப்ரல் 23. அந்த நிலத்தைக் குடுத்தவரே எக்ஃப்ரித்தான். மே 20ஆம் தேதி அதே எக்ஃப்ரித் வடக்க பிக்ட் ஜனங்க மேல படையெடுத்துப் போய் படையோட அங்கயே செத்துட்டாரு. ஒரு மாசம்கூட ஆகல. ஆட்சி வருஷத்தைப் போட்டு கல்லுல வெட்டறது நமக்கு எவ்வளவு பழக்கமான விஷயம், தஞ்சாவூர் சுவர்ல பாத்து வளர்ந்தவங்களுக்கு அந்த போட்டோ பாத்ததும் ஒரு நெருக்கம் வந்துடும்.

தேத்தண்ணி பிரேக்ல எங்க கிளாஸ்ல இருக்கற இன்னொரு தமிழ்க்காரர், கும்பகோணம் பக்கத்து ஆளு, ரிட்டயர் ஆனவர், எங்கிட்ட வந்து "ஏம்மா, இது அப்படியே நம்ம தேவதானம் கதைதானே, ராஜா ஊரையே கோயிலுக்கு எழுதி வைப்பாரு, வரி கோயிலுக்குப் போகும்" அப்படின்னார். "ஆமாண்ணே, ஆனைமங்கலத்தை மறந்துட்டீங்களா"ன்னு நான் கேட்டேன். அது நம்ம பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னும் கிட்ட வர்ற கதை. ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்துல புத்த விகாரம் கட்டறார், அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருமானத்தை ராஜராஜன் எழுதிக் குடுக்கறார், ராஜேந்திரன் அதைச் செப்பேட்டுல வெட்ட வைக்கறார், அதே ராஜேந்திரன் 1025ல கப்பல் படையை அனுப்பி கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடிக்கறார். விகாரத்துக்கு நிலம் குடுத்து இருபது வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அண்ணன் இதை கிளாஸ்ல எழுந்து சொன்னப்ப டீச்சர் நிறுத்தி, முழுசா கேட்டு, போர்டுல ஒரு ஓரத்துல எழுதி, அடுத்த வாரம் அதைப் பத்தி படிச்சுட்டும் வந்தாங்க. மாணவங்க சொல்றதை இவ்வளவு மதிக்கற டீச்சர் கிடைக்கறது அபூர்வம், எனக்கு இது ஒண்ணுக்கே 280 வெள்ளி குடுக்கலாம்னு தோணுச்சு.

இப்ப பிரான்ஸ், ஜெர்மனி இருக்கற பக்கத்தை ஆண்ட பிராங்க் ராஜாக்கள் பாடம் ரெண்டு கிளாஸ். குளோவிஸ் கொஞ்சம் வேகமா போயிடுச்சு, 486ல சுவாசோன் போர், 507ல வூயே போர், ரெம்ஸ்ல ஞானஸ்நானம், முடிஞ்சுது. ஆனா அந்த ஜாடி கதையை மட்டும் நிதானமா சொன்னாங்க. படை ஒரு சர்ச்சைக் கொள்ளையடிச்சதுல ஒரு அழகான பெரிய ஜாடி போயிடுச்சு, அதை மட்டுமாவது திருப்பிக் குடுங்கன்னு பிஷப் ஆள் அனுப்பறார், குளோவிஸ் வீரர்கள்கிட்ட என் பங்குக்கு மேல இதைத் தாங்கன்னு கேக்கறார், ஒருத்தன் கோடாலியால ஜாடியை ஒரு போடு போட்டு, உனக்கு சீட்டுல விழறதுதான் உன் பங்குங்கறான். ராஜா அப்ப ஒண்ணும் பேசல. அடுத்த வருஷம் படை அணிவகுப்புல அவன் ஆயுதம் சரியில்லன்னு கோடாலியைப் பிடுங்கித் தரையில போடறார், அவன் குனியறப்ப தன் கோடாலியால அவன் தலையைப் பொளக்கறார். சுவாசோன்ல நீ ஜாடிக்கு பண்ணது இதுதான்னு சொல்லி. இதை எழுதினவர் டூர் நகரத்து பிஷப் கிரெகரி, நூறு வருஷம் கழிச்சு. ஆரம்பத்துல ராஜாங்கறவன் கொள்ளையில பங்கு கேக்கற தலைவன்தான், அவன் எப்படி ஆண்டவன் அனுப்பின ராஜா ஆனான்னு அடுத்த கேள்விக்கு அங்கிருந்து அழகா போனாங்க.

அந்தக் கேள்விக்கு பதில் 751. குளோவிஸோட மெரோவிங்கியன் வம்சத்து கடைசி ராஜா மூணாம் கில்டெரிக்கோட, ராஜ அடையாளமான நீள முடியை வெட்டி மடத்துல அடைச்சுட்டு, அவரோட அரண்மனை நிர்வாகியா இருந்த பெப்பின் ராஜா ஆகறார், போப்போட சம்மதத்தோட. 754ல போப் ரெண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்து செயின்ட் டெனி மடத்துல பெப்பினுக்கும் பசங்களுக்கும் எண்ணெய் பூசறார், பதிலுக்கு பெப்பின் இத்தாலிக்குப் படையோட போய் லோம்பார்டுகளை அடிச்சு பிடிச்ச ஊர்களை போப்புக்குக் குடுக்கறார். மடம் ராஜாவை உண்டாக்குற இடம், வேண்டாத ராஜாவைப் பூட்டி வைக்கற இடமும் அதுதான். பவேரியா டியூக் டாசிலோவுக்கு நடந்தது இன்னும் கொடுமை, 777ல கிரெம்ஸ்முன்ஸ்டர் மடத்தைக் கட்டினவர், 788ல பெப்பினோட மகன் சார்லமேன் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, மொட்டை அடிச்சு மடத்துக்கே அனுப்பிட்டார்.

எனக்கு இந்த கோர்ஸ்லயே உச்சம் சார்லமேனோட சாக்சன் போர் கிளாஸ்தான். இதை மட்டும் தனியா நடத்தினாலும் காசு குடுத்து போவேன். இப்ப வட ஜெர்மனியா இருக்கற பக்கம் வாழ்ந்த, கிறிஸ்தவர் ஆகாத சாக்சன் ஜனங்களோட இர்மின்சூல்ங்கற புனித மரத்தூணை 772ல வெட்டி சாய்க்கறதுல ஆரம்பிச்சு 804 வரைக்கும் விட்டு விட்டு நடந்த போர். 782ல வெர்டன்ங்கற இடத்துல ஒரே நாள்ல 4,500 பேர் தலையை வெட்டினதா பிராங்க் அரசவை ஆண்டுக்குறிப்பே எழுதி வச்சிருக்கு. அந்த எண்ணிக்கையை நம்பாத ஆய்வாளர்கள் இருக்காங்கன்னும் டீச்சர் சொன்னாங்க, ஆனா ஒரு கொலையைத் தன் ராஜாவோட பெருமையா எழுதற மனசு எப்படிப்பட்டதுன்னு அங்கயே நிறுத்தி யோசிக்க வச்சாங்க. அப்புறம் சாக்சன் ஜனங்களுக்கு அவர் போட்ட சட்டம். ஞானஸ்நானம் வேண்டாம்னு ஒளிஞ்சா மரண தண்டனை, தவக்காலத்துல மதத்தை அவமதிச்சு கறி தின்னா மரண தண்டனை, செத்தவங்களைப் பழைய முறைப்படி எரிச்சாலும் மரண தண்டனை. அந்த மூணாவதைப் படிச்சப்ப எனக்கு வயித்தை என்னமோ பண்ணுச்சு, அப்பாவுக்கு நாம பண்ணதை அங்க பண்ணா தலை போயிருக்கும்.

ஆனா சார்லமேன் கூட இருந்தவங்களே இதை ஏத்துக்கல. அல்குவின், அவரோட அறிஞர் கூட்டத்துல பெரிய ஆள், 796 வாக்குல லெட்டர் எழுதறார், நம்பிக்கை மனசால வர்றது, கட்டாயப்படுத்த முடியாது, புதுசா சேர்ந்த ஜனங்க தலையில தசமபாக வரியைக் கட்டாதீங்கன்னு. இந்தக் கதையோட அடுத்த பாகத்தை டீச்சர் சொன்ன விதம்தான் பிரமாதம். 822ல அதே சாக்சன் மண்ணுல கோர்வே மடம், பிரான்ஸ்ல இருந்த கோர்பி மடத்து துறவிகள் வந்து நிறுவினது. சாக்சன் பிரபுக்கள் பிள்ளைங்களை அங்க விடறாங்க, நிலம் குடுக்கறாங்க. 919ல ஒரு சாக்சன், ஹென்றி, கிழக்கு பிராங்க் நாட்டுக்கே ராஜா. 936ல அவர் பையன் ஓட்டோ, ஆக்கன்ல சார்லமேன் கட்டின அதே எட்டுப்பட்டை தேவாலயத்துல முடி சூட்டிக்கறார். 955 ஆகஸ்ட் 10 லெக்ஃபெல்ட் போர், அன்னிக்கு செயின்ட் லாரன்ஸ் திருநாள், ஹங்கேரியர்களை ஜெயிச்சா மெர்ஸபர்க்ல ஒரு மறைமாவட்டம் அமைக்கறேன்னு ஓட்டோ நேர்ந்துக்கறார், 968ல அதை நிறைவேத்தறார். தாத்தாக்களைத் தலை வெட்டி மதம் மாத்தினாங்க, பேரப்பசங்க அந்த மதத்துக்குக் காவலா பேரரசர் ஆனாங்க, இந்த சாக்சன் ராஜாக்கள் கதையை எழுதினது கோர்வே மடத்துத் துறவி விடுகிண்ட். எழுதறவன் கைல பேனா எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சா அந்த மடத்துக்குக் குடுத்த நிலம் ஞாபகம் வரும்.

ஹேண்ட்அவுட்ல ஒண்ணைப் பத்தி சொல்லியே ஆகணும். செயின்ட் காலன் மடத்து வரைபடம், 820கள்ல வரைஞ்சது, அஞ்சு தோலை ஒண்ணா தைச்சு அதுல சிவப்பு மையில ஒரு முழு மடத்துக்கும் பிளான். ஏத்ரீ சைஸ்ல அடிச்சுக் குடுத்தாங்க. சர்ச் நடுவுல, சுத்தி பேக்கரி, மதுபானம் காய்ச்சற இடம், நோயாளிகள் கட்டடம், வைத்தியர் வீடு, கோழிக்கு ஒரு வட்டக் கொட்டகை, வாத்துக்கு ஒண்ணு, நடுவுல அதைப் பாத்துக்கறவன் வீடு. வைத்தியர் வீட்டுப் பக்கம் மூலிகைத் தோட்டம், 16 பாத்தி, ஒவ்வொண்ணுலயும் என்ன செடின்னு எழுதியிருக்கு: வெந்தயம், சீரகம், சோம்பு, புதினா, ரோஜா. காய்கறித் தோட்டத்துல கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம். நான் அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணி சமையல்கட்டுல ஒட்டிட்டேன், எங்கம்மா கண்ணாடி போட்டுட்டு அரைமணி நேரம் பாத்தாங்க. அப்புறம் இதுக்கு ஜோடியா ஒரு லிஸ்ட்டும் படிச்சோம், 819ல சார்லமேனோட மகன் பக்திமான் லூயி காலத்துல போட்டது, எந்த மடம் ராஜாவுக்கு காணிக்கையும் படை ஆளும் தரணும், எது காணிக்கை மட்டும், எது வெறும் ஜெபம் மட்டும்னு மூணு வகையா. சீரகமும் சோம்பும் போட்ட அந்தத் தோட்டத்தையும், படைக்கு ஆள் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் மடம்னா என்னன்னு எனக்கு முழுசா விளங்குச்சு.

இனி குறைகள். பெண்களுக்கு ஒதுக்கினது ரொம்பக் கம்மி, ஆறாவது கிளாஸ் கடைசில அவசர அவசரமா. ரடேகுண்ட் கதையை எப்படி ரெண்டு ஸ்லைடுல முடிக்க முடியும்? துரிங்கியா இளவரசி, 531 வாக்குல போர்ல பிடிபட்டு, பிடிச்ச பிராங்க் ராஜா குளோத்தாரையே கட்டிக்கிட்டு, அவர் இவங்க தம்பியைக் கொன்னதும் வெளியேறி, புவாத்தியேல மடம் நிறுவி, 569ல கான்ஸ்டான்டினோபிள் பேரரசர்கிட்ட இருந்து சிலுவை மரத்துண்டை வரவழைச்சவங்க. அவங்க செத்த ரெண்டு வருஷத்துல அந்த மடத்து கன்னியாஸ்திரிகள் புது தலைவிக்கு எதிரா கலகமே பண்ணாங்க. போர், ராஜா, மடம் மூணும் ஒரே ஆள் வாழ்க்கையில இருக்கு, இதை விட நல்ல பாடம் எது? டீச்சர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். முஸ்லிம் ஆட்சில இருந்த ஸ்பெயினோட கார்டோபா பக்கமும், கிழக்கு ரோமோட தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் பக்கமும் ஏறக்குறைய போகவே இல்ல, 732ல பிராங்க் படை முஸ்லிம் படையை ஜெயிச்ச போரைச் சொல்றப்ப எதிர்ல வந்தவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்கன்னு கொஞ்சமாவது சொல்லியிருக்கணும்.

வைக்கிங் கிளாஸ் சுமார். 793ல லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்துல நடந்த கொள்ளை, 875ல துறவிகள் புனிதர் கத்பர்ட்டோட உடம்பைத் தூக்கிட்டு தீவை விட்டுக் கிளம்பினது வரைக்கும் நல்லா இருந்துச்சு, மிச்சம் படகு போட்டோவா போயிடுச்சு. க்ளூனி, 910ல அக்கிடேன் டியூக் வில்லியம் எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாம நேரா பீட்டர், பால் பேருக்கு எழுதி வச்ச மடம், அது கடைசி கிளாஸ்ல வருது, அதைத் தவற விடாதீங்க, முன்னாடி பேசின நிலக் கணக்கு எல்லாம் அங்க வந்து சேருது.

ரூம் விஷயம்: லிஃப்ட் இல்ல, படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கங்க. ஏர்கான் பயங்கரக் குளிரு, ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. ஹேண்ட்அவுட் சிலது கறுப்பா அடிச்சிருக்காங்க, மேப்ல எல்லைக் கோடு தெரியாது, 843 வெர்துன் ஒப்பந்தத்துல சார்லமேனோட பேரரசை மூணு அண்ணன் தம்பிங்களுக்குப் பிரிச்ச மேப் அதுல சுத்தமா விளங்கல, கலர்ல மெயில் பண்ணச் சொல்லிக் கேளுங்க, அனுப்பறாங்க. கிளாஸ் முடிய கால் மணி அரை மணி லேட் ஆகும், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா முன்கூட்டியே சொல்லி வச்சுக்கங்க.

செகண்டரி படிக்கற பசங்களை அனுப்பலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எக்ஸாமுக்கு இதால பிரயோஜனம் இல்ல, ஆனா தானா புத்தகம் எடுத்துப் படிக்கற பிள்ளைன்னா அனுப்புங்க, எங்க பேட்ச்ல ஒரு பையன் இருந்தான், டீச்சரை அதிகமா கேள்வி கேட்டது அவன்தான். வாள், கவசம், படை வியூகம் இதெல்லாம் எதிர்பாத்துப் போறவங்களுக்கு ஏமாற்றமா இருக்கும், போர்க்களத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டாங்க. அடுத்த பேட்சுக்கு ரடேகுண்டுக்கு ஒரு முழு கிளாஸ் ஒதுக்கப் பாக்கறேன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, ஒதுக்கினா அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும் காசு கட்டி உக்காரலாமான்னு கேட்டு வச்சிருக்கேன், பதில் வந்ததும் கீழ அப்டேட் பண்றேன்.